சம்பூர்க் கரையில் ஒரு கப்பற் கனவு

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூருக்குக் கிழக்கே, கடலைப் பார்த்தவண்ணம் அமைந்திருக்கிறது சம்பூர். மாலை வேளையில் இக்கரை மணலில் நின்று வடதிசையை நோக்கினால், நீலப் பரப்புக்கு அப்பால் சுவாமி மலை தெரியும். அதன் உச்சியில் கோணேசப் பெருமான் கோயில் கொண்டிருக்கிறார். மேற்கே, மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவந்த மகாவலி கங்கை கடலோடு கலக்கிறது. கிழக்கே ஃபவுல் முனை. அதற்கும் அப்பால் வங்கக் கடல். உலகத்து இயற்கைத் துறைமுகங்களுள் தலைசிறந்த ஒன்றென்று பல நாட்டு மாலுமிகளும் போற்றிய திருகோணமலைத் துறைமுகத்திற்குச் செல்லும் கப்பல்கள் யாவும் இக்குடாவின் வாயிலைக் கடந்தே ஆகவேண்டும். ஆகவே சம்பூர்ச் சிறாருக்குக் கப்பல் புதுமைப் பொருளன்று. ஆயினும், கப்பலைப் பார்ப்பது வேறு; கப்பலில் ஏறுவது வேறு அன்றோ?

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து ‘எம்பிரெஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்துசென்றது. 1990ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் கட்டப்பெற்ற அக்கப்பல் ஏறத்தாழ 210 மீற்றர் நீளமுடையது. அடுக்கடுக்கான மாடங்களோடு வெண்ணிற மாளிகையொன்று மிதந்து வருவதுபோல் அது வந்த காட்சியை, எமது அயல்வீட்டுச் சிறுமியொருத்தி தந்தையின் தோளில் அமர்ந்து பார்த்தாள். அப்போது அவளுக்கு வயது ஐந்து.

“அப்பா, அந்தக் கப்பல்ல எங்களையும் ஏத்துவாங்களா?” என்று கேட்டாள்.

தந்தை சிரித்துக்கொண்டே, “காசு சேர்த்தா ஏத்துவாங்க, மகள்” என்றார். தாய் மாத்திரம் சிரிக்கவில்லை.

அத்தாயின் மௌனத்திற்குக் காரணமுண்டு. 2006ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் போரின் நிமித்தம் இவ்வூர் மக்கள் வீடுவாசல்களை விட்டு ஓடியபோது அவள் பத்து வயதுப் பெண். அதன்பின் கிளிவெட்டி முதலிய இடங்களில் அமைந்த முகாம்களிலே அவளது இளமை கழிந்தது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் படிப்படியாகத் திரும்பக் கிடைத்தபோதுதான் அவள் மீண்டும் இக்கரையைக் கண்டாள். அவளுக்குப் பயணம் என்ற சொல்லே அச்சந்தருவது. பயணமென்றால் திரும்பி வர இயலாமற் போவது என்றே அவள் மனம் கற்றிருந்தது. இப்போது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. கப்பற் கேள்வி மட்டும் வீட்டில் ஓயவில்லை. ஒருநாள் மாலை இருவரும் வந்து, சின்னஞ்சிறு பிள்ளைகளோடு முதன்முதலாகக் கடற்பயணம் செய்வதென்றால் எவ்வாறு ஆயத்தஞ் செய்யவேண்டும் என்று வினவினார்கள். அன்று பேசியவற்றையும் பின்னர் நடந்தவற்றையும் இங்கே கூறுவது வேறு குடும்பங்களுக்கும் பயன்படும் என்று கருதுகிறேன்.

முதலில் அவர்களுக்கு நான் நினைவூட்டியது இக்குடாவிலேயே நிகழ்ந்த பழங்கதையொன்றை. ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவர் தம் மகனைப் பதினான்கு வயதிலேயே கடற்பயணத்திற்கு அழைத்து வந்தவர். பிற்பட்ட பயணமொன்றில், 1659ஆம் ஆண்டு இறுதியிலே புயலிற் பாய்மரத்தை இழந்து, அதனைச் செப்பனிடக் கொட்டியாரத்தை நாடினார். 1660இல் கண்டியரசன் இராசசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் சிறைப்படுத்தினர். தந்தை மறு ஆண்டிலேயே காய்ச்சலால் மாண்டார். மகன் ரொபர்ட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அவர்கள் பிடிபட்ட புளியமரத்தடியென்று மூதூரிலே 1893இல் நாட்டிய கல்லொன்று உண்டு.

“ஒரு பாய்மரம் முறிந்ததால் ஒரு குடும்பத்தின் கதை மாறியது. ஆகவே பிள்ளைகளோடு போகிறவர் முதலிற் சிந்திக்கவேண்டியது போகும் வழியை அன்று; திரும்பும் வழியை” என்றேன். தாய் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

முதற் பயணம் குறுகியதாக இருக்கவேண்டும். வேண்டாமென்று தோன்றினால் விரைவிற் கரைசேரக் கூடியதாக இருக்கவேண்டும். பல நாள் செல்லும் உல்லாசக் கப்பலில் ஏறிய பின்னர்தான் பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று அறிந்தால், நடுக்கடலில் இறங்கிவிட முடியுமா? எனவே மூன்று படிகளாகத் திட்டமிட்டோம். முதற்படி, நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குச் சிறு படகிற் செல்வது. கரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள அத்தீவு, மாடப்புறாக்களாற் பெயர்பெற்றது. 2003ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. இரண்டாம்படி, சில மணி நேரக் கப்பற் பயணம். நாகபட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஆரம்பித்து, இடையில் நின்று, 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் மீண்டும் தொடங்கிய பயணிகள் கப்பல் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் மறுகரை சேர்ந்தது. இத்தகைய சேவைகள் காற்றையும் மழையையும் பொறுத்து நிறுத்தப்படுவதுண்டாகையால், நாளை முன்கூட்டியே விசாரித்து அறிதல் வேண்டும். மூன்றாம்படிதான் இரவுபகலாகத் தங்கும் பெருங்கப்பல்.

அடுத்தது காலம். கீழைக் கரையோரத்தில் ஒக்டோபர் இறுதி தொடக்கம் ஜனவரி வரை வாடைக் காற்றும் மழையும் கடலைக் கலக்கும். ஏப்ரில் முதல் செப்டெம்பர் வரையே இங்கே அமைதியான பருவம். அப்பருவத்திலும் காலை நேரமே சிறந்தது. பொழுதேற ஏறக் காற்று வலுக்கும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலங்களும் தென்படும். கரையருகே தொடங்கி ஆழத்தில் இறங்கும் பெரும் பள்ளத்தாக்கு கடலடியில் இருப்பதால் அவை கரைக்கு அண்மையிலேயே வருகின்றன.

மூன்றாவது, தலைசுற்றலும் வாந்தியும். இரண்டு வயதுக்குட்பட்ட மழலைகளை இது பெரும்பாலும் வருத்துவதில்லை. இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளையே மிகுதியும் பற்றும். காரணம் எளிது. உடல் அசைகிறதென்று காது சொல்ல, அறைக்குள்ளே புத்தகத்தையோ கைபேசியையோ நோக்கும் கண், அசைவில்லை என்று சொல்கிறது. இருவேறு சாட்சியங்களாற் குழம்பும் மூளை வயிற்றைப் புரட்டுகிறது. எனவே பிள்ளையை வெளிக்காற்றில் இருத்தி, தூரத்தே வானும் கடலும் கூடும் கோட்டைப் பார்க்கச் செய்க. கப்பலில் அறை தெரிந்தெடுப்போர், நடுப்பகுதியிலும் கீழ்த்தட்டிலும் உள்ள அறையைப் பெறுவாராயின் ஆட்டம் குறைவாக இருக்கும். புறப்படுமுன் வயிறு நிறைய ஊட்டுதலும் தவறு, வெறும் வயிற்றோடு கொண்டுபோதலும் தவறு. இட்டலி, ரொட்டி போன்ற எளிய உணவு சிறிதளவு போதும். மருந்து கொடுப்பதானால் வைத்தியரைக் கேளாது கொடுத்தலாகாது. பெரியவருக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது நம்மிடையே உள்ள கெட்ட வழக்கம்.

நான்காவதும் தலையாயதும் உயிர்காப்பு அங்கி. 1912இல் ‘டைட்டானிக்’ மூழ்கியதன் விளைவாக 1914இல் உருவான சர்வதேச உடன்படிக்கை, பின்னர் பலமுறை திருத்தப்பெற்று இன்றும் பயணிகள் கப்பல்களை ஆள்கின்றது. அதன்படி பதினைந்து கிலோகிராமுக்குக் குறைந்த மழலைக்கு ஓர் அளவு, பதினைந்து முதல் நாற்பத்து மூன்று வரையுள்ள பிள்ளைக்கு ஓர் அளவு, அதற்கு மேற்பட்டோருக்கு ஓர் அளவு என மூவகை அங்கிகள் உண்டு. கப்பலில் எத்தனை பிள்ளைகள் உளரோ அத்தனை சிறுவர் அங்கிகளேனும் இருத்தல் வேண்டும். பெரியவருக்குரியதைச் சிறுவனுக்கு அணிவித்தால், நீரில் விழும்போது அங்கி மேலே எழும். பிள்ளை அதனுள்ளிருந்து வழுகிக் கீழே போகும். கால்களுக்கிடையே வார் பூட்டிய அங்கியே பிள்ளைக்கு உகந்தது. பெருங்கப்பலிலோ புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனே ஆபத்துக்கால ஒத்திகை நடத்தப்படும். அதனை விளையாட்டென்று விட்டுவிடாது, பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, தங்கள் குடும்பம் கூடவேண்டிய இடத்தை அவர்களே நடந்து காட்டும்படி செய்தல் நலம்.

இவை தவிர, கப்பலில் ஏறுவோர் கவனிக்க வேண்டியவை சில உள. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். பல கப்பற் கம்பனிகள் ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுக்களை ஏற்பதில்லை. நெடுந்தூரப் பயணமாயின் ஒரு வயது கேட்பதுமுண்டு. பிள்ளைக்குச் சீட்டு இலவசமென்ற விளம்பரத்தைக் கண்டால், துறைமுக வரியும் ஏனைய கட்டணங்களும் அதில் அடங்குமா என்று கேட்டறிக. மாடத்தில் நாற்காலியைக் கம்பியோரம் விடாதீர்கள், பிள்ளை ஏறிவிடும். நீச்சற் குளத்தருகே காவலர் இருப்பார் என்று நம்பியிராதீர்கள். நெரிசலான கப்பல்களில் வயிற்றோட்ட நோய் விரைந்து பரவும். அதற்குக் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதே காப்பு, கைத்திரவம் போதாது.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் அம்மம்மா மெதுவாகப் பேசினார். பாலங்கள் இல்லாத அந்நாளில், மூதூரிலிருந்து திருகோணமலைக்கு ஒரு மணி நேரம் லோஞ்சிற் போய்வந்த தலைமுறை அவருடையது. நெல்லும் தயிர்ச்சட்டியும் நோயாளியும் மணப்பெண்ணும் அதே லோஞ்சில்தான் சென்றனர். 2009இல் கிண்ணியாப் பாலமும், பின்னர் ஏனைய பாலங்களும் வந்தபின்னரே தரைவழி எளிதாயிற்று.

“கடலுக்குப் பயப்படவும் வேணும் மகள், பயந்து வீட்டோட இருக்கவும் கூடாது” என்றார் அவர். பின்னர் சற்றுத் தாழ்ந்த குரலில், “குறிஞ்சாக்கேணியை மறந்திடாத” என்றார்.

யார் மறப்பார்? 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கிண்ணியாக் குறிஞ்சாக்கேணியில், மக்களை ஏற்றிச் சென்ற மிதவைப் படகு கவிழ்ந்து, பள்ளிச் சிறார் உட்படப் பலர் உயிர் நீத்தனர். அது பெருங்கடலன்று, கண்ணுக்கெட்டும் மறுகரையையுடைய களப்பு. நீர் சிறிதாயினும் கவனம் சிறிதாகலாகாது என்பதை இம்மாவட்டம் மிகப் பெரிய விலை கொடுத்தே கற்றுக்கொண்டது.

பின்னர் வந்த மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் அவர்கள் புறப்பட்டனர். பத்திரகாளி அம்மனை வணங்கி, விடியற்காலையிற் பஸ் ஏறி, பாலங்களைக் கடந்து, நகரை அடைந்து, நிலாவெளி சேர்ந்தபோது கடல் கண்ணாடிபோற் கிடந்தது. படகோட்டி அங்கிகளைக் கொடுத்தார்; நான்கும் பெரியவர்களுக்குரியவை. “பத்து நிமிசப் பயணந்தானே அக்கா, பிள்ளையை மடியில வைச்சிருங்க” என்றார். கணவர் தயங்கினார், பின்னால் வேறு குடும்பங்கள் காத்து நின்றன. அவ்வேளையில், இருவருள்ளும் அஞ்சியவளென்று நாம் எண்ணியிருந்த தாய் உறுதியாகச் சொன்னாள்: “சின்ன அங்கி வரும்வரைக்கும் நாங்க ஏறமாட்டம், தம்பி.”

அரைமணி நேரம் மணலிற் காத்திருந்தார்கள். சிறுவன் அழுதான், சிறுமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வேறொரு படகு தீவிலிருந்து திரும்பியபோது அதில் இரண்டு சிறுவர் அங்கிகள் இருந்தன. தாயே வார்களை ஒவ்வொன்றாகப் பூட்டி, தோளைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்து, காது வரை எழவில்லை என்று கண்ட பின்னரே மகனைப் படகில் ஏற்றினாள். போனார்கள், முருகைக் கற்களை மிதியாது ஆழமில்லா நீரில் நின்று வண்ண மீன்களைக் கண்டார்கள், நண்பகலுக்கு முன்னரே திரும்பினார்கள். ஒருவருக்கும் வாந்தியில்லை.

அன்று மாலை சம்பூர்க் கரையில் சிறுமி என்னிடம் ஓடிவந்து, “நாங்க போயிட்டு வந்திட்டம்!” என்றாள். அதிற் ‘போய்’ என்பதைவிட ‘வந்திட்டம்’ என்பதே அவள் தாயின் முகத்தை மலரச் செய்தது. காங்கேசன்துறைக் கப்பலுக்கென அவ்வீட்டில் இப்போது உண்டியலொன்று நிரம்பிவருகிறது. வெண்ணிற மாளிகை இன்னும் தூரத்திலேதான் இருக்கிறது. ஆனால் அதற்கான முதற்படியை அவர்கள் ஏறிவிட்டார்கள்.