சட்டியில் மிஞ்சியது

எம் பெற்றோர் தம் உணவுப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள முற்பட்டு எட்டு மாதங்கள் ஆகின்றன. ஒரு வீட்டு அடுக்களைச் செய்தி சஞ்சிகைக்கு ஏற்றதா என வாசகர் ஐயுறலாம். எழுத அமர்ந்தபோது நாமும் ஐயுற்றோம்.

ஐயா அரசாங்க எழுதுவினைஞராகவும் அம்மா ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஓய்வின் பின் நடை குறைந்தது, சோறு குறையவில்லை. இரத்தத்தில் சீனி கூடியதும் வைத்தியர் இருவரையும் நிறுத்துப் பார்த்தார். ஐயா 86 கிலோ, அம்மா 77. எம்மவர்க்கு இடுப்புச் சுற்றளவு ஆணாயின் 90 சென்ரிமீற்றரையும் பெண்ணாயின் 80 சென்ரிமீற்றரையும் தாண்டலாகாது என்றார். கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், காற்பங்கு சோறு, காற்பங்கு மீனோ பருப்போ என ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

காற்பங்கு சோற்றைக் கண்ட ஐயா, “இதென்ன, காகத்துக்கு வைக்கிறதே?” என்று கோப்பையைத் தள்ளிவிட்டார். நாம் சினந்தோம். பின்னரே எண்ணிப் பார்த்தோம். 1973இல் அரிசியும் கோதுமை மாவும் தட்டுப்பட்டபோது, பதினொரு வயதுச் சிறுவனாய் விடியுமுன் பாணுக்கு வரிசையில் நின்றவர் அவர். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, சைக்கிளின் முன்னே எம்மையும் பின்னே அரிசி மூட்டையையும் ஏற்றி உருட்டியவரும் அவரே. அத்தகையவரின் கோப்பையில் வெற்றிடத்தைக் காட்டி, இதுவே உமக்கு நன்மை என்பது எளிதன்று. ஆயினும் அவர் பணிந்தார். தேத்தண்ணிக்குச் சீனி போயிற்று. இரவு மாப்புட்டு போயிற்று. மூன்று மாதத்தில் நான்கு கிலோ குறைந்தார்.

அம்மாவின் நிறை அசையவில்லை. பந்தியில் அவர் உண்பதோ ஐயாவிலும் குறைவு. ஒளித்து எதையேனும் உண்கிறாரோ என்று கூட நாம் ஐயுற்றோம். அதை எழுதவும் நாணமாயிருக்கிறது. விடுமுறையில் ஒரு வாரம் அடுக்களையிலேயே இருந்து பார்த்தோம். எல்லாரும் உண்டு கைகழுவிய பின், அம்மா நின்றபடியே சட்டியை வழித்து உண்கிறார். பானையின் அடிச்சோறு, மிஞ்சிய புட்டு, ஊற்ற மனமில்லாத சொதி, அக்காளின் மகன் கடித்து வைத்த பாண்.

“எறியிறதே, பிள்ளை? சோறு எறிஞ்ச வீடு உருப்படுமே?”

நாற்பது ஆண்டுகளாக அது அவருக்கு உணவாகவே தோன்றியதில்லை. ஏனம் கழுவுவதன் ஒரு பகுதி, அவ்வளவே. பெண் விடுதலை பற்றி மேடையேறிப் பேசிய நாமும் அத்தனை காலமும் கைகழுவி எழுந்து போனவர்களுள் ஒருவராகவே இருந்தோம்.

மேலும், வைத்தியரின் தாள் அம்மாவின் வேலையை இரட்டித்திருந்தது. முருங்கையிலை உருவவும், வல்லாரை அரியவும், வறைக்குத் தேங்காய் துருவவும் ஒருவரே. ஐயாவின் நான்கு கிலோவைக் குறைத்தது பெரும்பாலும் அம்மாவின் கைகளே.

சிகிச்சை நிலையத்தில் அம்மாவின் அருகே இருந்தவர் வெங்காயத் தோட்டங்களிற் கூலிக்குக் களை பிடுங்கும் ஒரு பெண். அவருக்கும் அதே நோய், அதே தாள். “பழம் வாங்கித் தின்னட்டாம், ரீச்சர்” என்று சிரித்து, தாளை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டாராம். பஞ்சத்தில் வறியவர் வயிறு கழுவிய குரக்கன் இன்று கடையில் அரிசியிலும் அதிக விலைக்கு விற்கிறது. ஓய்வூதியம் பெறும் எம் வீட்டாரே கணக்குப் பார்த்துத்தான் வாங்குகின்றனர். அவர் எதைக் குறைப்பார்?

எம் வீட்டில் இரண்டரைச் சுண்டு அரிசி போட்ட உலையில் இப்போது ஒன்றரைச் சுண்டுதான். “ஆரும் வந்தா என்ன செய்யிறது?” என்று அம்மா பல நாள் கலங்கினார். வந்தால் திரும்ப உலை வைப்போம், தாமே வைப்பேன் என்றார் ஐயா. வைக்கத் தெரியுமா என்று அம்மா கேட்டதற்கு அவர் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் துருவலையில் வந்து அமர்ந்தார். முதல் தேங்காயில் பாதிக்கு மேல் நிலத்திற் சிந்தியது. விரலிலும் சிறு காயம். எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்பதென்பதும் முடிவாயிற்று. முதல் நாள் அம்மா நான்கு தடவை எழுந்தார். ஒரு தடவை உப்புக்கு; மற்றவை எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

இப்போது ஐயா 79 கிலோ, அம்மா 73. நேற்றிரவு பானையில் இரண்டு அகப்பைச் சோறு மிஞ்சியது. அம்மா வழக்கம்போல அகப்பையை எடுத்தார்.

“இஞ்சாரும், அதை வையும்,” என்றார் ஐயா.

அம்மா சற்று நின்று, தண்ணீர் ஊற்றி மூடினார். “அப்ப காலமை பழஞ்சோறு.”

“ஆருக்கு?”

“உங்களுக்குத்தான்.”