ரமணன் சொன்னார், நான் சிரித்தேன்!

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், எங்கள் கம்மாபுரத்து வீட்டில் செய்தி நேரத்தில் பெரியவனுக்கு ஒரே பரபரப்பு. "அம்மா, ரமணன் வந்துட்டாரா?" என்று புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடி வருவான். சென்னை புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்த எஸ்.ஆர். ரமணன் டி.வி.யில் வந்தால் மறுநாள் பள்ளிக்கு விடுமுறை என்பது பிள்ளைகளின் கணக்கு. லீவு விடுவது கலெக்டர் வேலை என்றால் கேட்க மாட்டான்.

நான் மட்டும் என்ன? "மழைன்னாரு, வெயில் கொளுத்துது பாரு!" என்று வடகம் காயப் போட்டுக்கொண்டே கேலி செய்தவள்தானே!

2011 டிசம்பர் 29. 'தானே' புயல் மறுநாள் காலை புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடக்கும் என்று எச்சரிக்கை வந்தது. என் வீட்டுக்காரருக்கு நெய்வேலி சுரங்கத்தில் இரவு ஷிப்ட்.

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லைன்னு சொல்லுவாங்க. இது மார்கழி! கடல் எங்கே, நாம எங்கே? பேசாம படு" என்றார் மாமியார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. கைக்குழந்தைக்குச் சளி வேறு.

கிளம்பும்போது அவர்தான், "நம்மைப் பயமுறுத்தி அந்த மனுஷனுக்கு என்ன லாபம்? பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எதிர் மாடி வீட்டுக்குப் போயிடு" என்று கண்டிப்பாகச் சொன்னார். அரை மனசோடு போனேன். மாமியாரும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

விடியற்காலையில் காற்று ஊளையிட்டது. கதவு பிய்த்துக்கொண்டு போகாமல் முதுகு கொடுத்து நின்றோம். ஏழு மணி சுமாருக்கு எங்கள் கொல்லைப் புளியமரம் வேரோடு சாய்ந்து, சமையற்கட்டு ஓட்டுக்கூரையின் மேல் விழுந்தது. தினமும் அந்த நேரத்தில்தான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் காய்ச்சுவேன். நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

கடலூர் மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பலாவும் முந்திரியும் ஒரே காலையில் படுத்துவிட்டன. நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை.

அதன் பிறகுதான் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டேன். இரண்டு நிமிஷப் பேச்சுக்குப் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு! தினமும் இருவேளை பலூன் பறக்கவிட்டு மேல்காற்றை அளக்கிறார்கள். செயற்கைக்கோள் படம், ராடார், கப்பல்களிலிருந்து வரும் தகவல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் அதற்குப் புயல் என்று பெயர். ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் என்ன தெரியுமா? ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள முற்றத்தில் 10 லிட்டர் தண்ணீர்! இத்தனை பார்த்தும் காற்று திசை மாறிவிடுவது உண்டு. சொன்ன மழை வராவிட்டால் கேலி. வந்தால் யாரும் நன்றி சொல்வதில்லை. அதற்காக அடுத்த முறை சொல்லாமல் இருக்க முடியுமா?

2016 மார்ச் 31-ல் ரமணன் ஓய்வு பெற்றார். "இனிமே லீவு யாரும்மா சொல்லுவாங்க?" என்றான் பையன். "லீவு இல்லேடா, உன் தங்கச்சி உயிரு!" என்றேன்.

சகோதரிகளே, புயல் என்று அறிவித்தால் நான் இப்போது செய்வது இதுதான்: குடிநீரைக் காய்ச்சி நிரப்பிவைப்பேன். குழந்தை மருந்து, டார்ச், தீப்பெட்டி, ரேஷன் கார்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். ஓட்டு வீட்டிலோ மரத்தடியிலோ தங்குவதில்லை. புயல் வராமல் போனால் நல்லதுதானே, வேலை வீண் என்று நினைப்பதில்லை.

இப்போது வேறு அதிகாரிகள் வந்து வானிலை சொல்கிறார்கள். என் மாமியார் என்ன சொல்கிறார் தெரியுமா? "சத்தம் போடாதீங்கடா, மழைக்காரர் பேசறாரு!"