ஒரு நல்லமிளகு வாடகை

"அம்மா, இந்த வீட்டுக்கு இன்னும் 80 வருஷமும் மூணு மாசமும்தான் பாக்கி இருக்கு."

2018-ல் லண்டனிலிருந்து மகன் போனில் இப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "அதுவரைக்கும் நீயும் நானும் இருக்கவா போறோம் மக்களே?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

நான் பேச்சிப்பாறைக்காரி. அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர்கள். விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தோட்டத்து லயத்தில்தான் எங்கள் வீடு. ஒரு அறை, ஒரு அடுக்களை, பின்னால் அப்பா நட்ட ஒரு பலாமரம். அதில் நல்லமிளகுக் கொடியும் ஏற்றிவிட்டிருந்தார். அப்பாவுக்கு வேலை முடிந்த மாதமே சாவியைக் கேட்டு வாங்கிவிட்டார்கள். அந்த வருஷம்தான் பலா முதல்முதலாகக் காய்த்திருந்தது. லாரியில் சாமான் ஏற்றும்போது அம்மா அந்த மரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதனால்தான் 2010-ல் மகன் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு ஃப்ளாட் வாங்கியதும், தெரு முழுக்க "எம்மவன் சொந்த வீடு வாங்கிட்டான்" என்று சொல்லித் திரிந்தேன். அது பாட்ட வீடு என்று எட்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

இங்கிலாந்தில் ஃப்ளாட்டுகள் பெரும்பாலும் அப்படித்தானாம். கட்டடமும் மனையும் வேறொருவருக்குச் சொந்தம். நாம் விலை கொடுத்து வாங்குவது குறிப்பிட்ட காலம் குடியிருக்கும் உரிமையை மட்டும்தான். அவன் வாங்கியபோது 99 வருஷப் பாட்டத்தில் 88 வருஷம் பாக்கி. காலம் குறையக் குறைய வீட்டின் மதிப்பும் குறையும். ரொம்பக் குறைந்துவிட்டால் வங்கியும் கடன் தராது, வாங்கவும் ஆள் வராது.

பாட்டத்தை நீட்டிக்க 1993-ம் வருஷச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. பாக்கி வருஷத்தோடு இன்னும் 90 வருஷம் சேரும். அதற்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். ஆனால் பாக்கி 80 வருஷத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், நீட்டிப்பதால் கூடும் மதிப்பில் பாதியையும் மனைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் என்று மகன் பதறியது அதற்குத்தான்.

"பேத்திக்கு காலேஜ் செலவு இருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்னு நெனைக்கேன்" என்றான்.

எனக்குப் பலாமரம் ஞாபகம் வந்தது. "அடுத்த வருஷம்னு சொல்லாத மக்களே. எனக்கு இந்த வளையலும் சங்கிலியும் எதுக்கு?" என்றேன். அவன் வேண்டாம் என்றான். மறுநாளே நாகர்கோவிலுக்குப் போய் நகையை அடகு வைத்துவிட்டு வந்துதான் அவனிடம் சொன்னேன்.

இதற்குள் மனைக்காரக் கம்பெனி தனியாக ஒரு பேரம் பேசியது. இப்போது கொஞ்சம் பணம் கொடுத்தால் போதும், ஆனால் வருஷா வருஷம் கட்டும் மனை வாடகை சில வருஷத்துக்கு ஒருமுறை கூடிக்கொண்டே போகும். "இன்னைக்குக் கொறச்சு வாங்குகவன் நாளைக்குச் சேத்து வாங்குவான்" என்றேன். வக்கீலும் அதையேதான் சொன்னாராம். சட்டப்படி நோட்டீஸ் கொடுத்தார்கள். நோட்டீஸ் கொடுத்த தேதிதான் கணக்கு. அன்றைக்கு 80 வருஷமும் 19 நாளும் பாக்கி இருந்தது.

பாட்டத்தின் வலி எங்கள் மலைக்குப் புதிதில்லை. கோதையாறு மலைக்கு அந்தப் பக்கம் மாஞ்சோலை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் தேயிலைக் கம்பெனிக்கு 99 வருஷத்துக்குக் கொடுத்த நிலம். 2028-ல் காலம் முடிகிறது. முடியும் முன்பே தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் மலையை விட்டு இறங்க வேண்டி வந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் யாரோ, மூட்டை கட்டியவர்கள் யாரோ. முல்லைப் பெரியாறுக்கு 1886-ல் 999 வருஷம் எழுதி வாங்கினார்களே, அந்தப் பாட்டத்துக்கும் 1970-ல் ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக வாடகை கூடியது.

புதுப் பத்திரம் கைக்கு வந்த அன்று மகன் வீடியோ காலில் வந்தான். "அம்மா, இனி வருஷ வாடகை எவ்வளவு தெரியுமா? ஒரு நல்லமிளகு!"

கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். நிஜம்தானாம். ஒப்பந்தம் என்றால் கைம்மாறாக ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காக, அந்த ஊர் வக்கீல்கள் பழங்காலம் தொட்டு அப்படி எழுதுவார்களாம். வாடகையே கிடையாது என்று அர்த்தம். யாரும் வந்து கேட்கப் போவதுமில்லை.

இப்போது 2024-ல் வேறு சட்டம் வந்திருக்கிறது. 90-ஐ 990 வருஷமாக்குவதும், அந்தப் பாதிப் பங்கை எடுத்துவிடுவதும் அதில் இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே நாளில் நடப்புக்கு வந்துவிடவில்லை. பிள்ளைகள் அங்கே வீடு வாங்குவதாகச் சொன்னால், எத்தனை அறை என்று கேட்கும் முன் எத்தனை வருஷம் பாக்கி என்று கேளுங்கள்.

நகையை இரண்டு வருஷத்தில் மகன் மீட்டுக் கொடுத்துவிட்டான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு லண்டன் போன பக்கத்து வீட்டுப் பையனிடம் கால் கிலோ நல்லமிளகு கொடுத்துவிட்டேன்.

"எதுக்கும்மா இவ்வளவு?" என்றான் மகன்.

"வாடகை மக்களே. பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் சேத்து அனுப்பியிருக்கேன்" என்றேன்.