தாடி முளைக்கட்டும்!

'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' முழுசையும் பார்ப்பதென்று போன மாதம் உட்கார்ந்தேன். 1987-ல் ஆரம்பித்து 1994 வரை அமெரிக்காவில் ஓடிய தொடர். மொத்தம் 178 எபிசோட்.

முதல் சீசன்? 'சுமார்' என்பதுகூட உபசாரம்தான்! இரண்டாவது கதையே, 1966-ல் பழைய ஸ்டார் ட்ரெக்கில் வார்த்த தோசையைத் திருப்பிப் போட்டது. பெரிய பெரிய இன்ஜினீயர்கள் முழிக்க, வெஸ்லி என்கிற பொடியன் கப்பலைக் காப்பாற்றுகிறான். 'போதும்டா சாமி' என்று அணைத்துவிட்டேன்.

"தாடி வர்ற வரைக்கும் பொறுங்க சார்" என்றார் பக்கத்து ஸீட் நண்பர். துணை கேப்டன் ரைக்கர் இரண்டாவது சீசனில்தான் தாடியோடு வருவார். ஒரு தொடர் தேறிவிட்டால் 'தாடி முளைச்சிடுச்சு' என்பது ரசிகர் பாஷையாம்.

பொறுத்தேன். வந்தது, 1989-ன் 'த மெஷர் ஆஃப் எ மேன்'. டேட்டா என்கிற மனித உருவ ரோபோ, விண்வெளிப் படையின் சொத்தா, உரிமையுள்ள ஆளா என்று விசாரணை. சொத்துதான் என்று வாதாட வேண்டியவர், அவன் நண்பர் ரைக்கரே! எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் முன்னாள் வக்கீல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பப் போய் முதல் சீசனைப் பார்த்தேன். அதே சொதப்பல்தான். ஆனால் கேப்டனாக வரும் பேட்ரிக் ஸ்டூவர்ட், மோசமான வசனத்தையும் நம்பிப் பேசுகிறார். கவனிக்காமல் விட்டது நான்.

ஆபீஸில் புதுப் பையனைப் பற்றி மூன்று மாத ரிப்போர்ட் தரவேண்டும். 'திருப்தி இல்லை' என்று எழுதி வைத்திருந்தேன். தப்புத் தப்பாய்க் கூட்டுகிறான். ஆனால் தப்பை அவனே கண்டுபிடித்து, ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து திருத்துகிறான்.

அடித்துவிட்டு, 'இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம்' என்று எழுதினேன்.

நேற்று உற்றுப் பார்த்தேன். லேசாகத் தாடி முளைத்த மாதிரிதான் இருக்கிறது.