பாலத்துக்குக் கீழே ஓர் ஊர்

சான் டியேகோ விரிகுடாவின் மேல் வளைந்து செல்லும் கொரோனாடோ பாலத்தில் கார்கள் நிற்காமல் விரைகின்றன. அந்தப் பாலம் தரையிறங்கும் இடத்தில், கான்கிரீட் தூண்களுக்கு நடுவே இருக்கிறது பாரியோ லோகன். மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் மீன் பதனிடும் ஆலைகளிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைத்து வளர்த்த குடியிருப்பு இது. கடற்கரையைக் கடற்படை எடுத்துக்கொண்டது. வீடுகளுக்கு நடுவே பழைய இரும்புக் கிடங்குகள் முளைக்க நகராட்சி வழிவிட்டது. 1963இல் நெடுஞ்சாலை ஊரை இரண்டாகப் பிளந்தது. 1969இல் தலைக்கு மேல் பாலமும் வந்தது.

பாலத்தடியில் பூங்கா அமைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். 1970 ஏப்ரல் 22 அன்று அங்கே புல்டோசர்கள்தான் வந்தன, நெடுஞ்சாலைக் காவல்துறைக்கு நிலையம் கட்டுவதற்காக. செய்தி பரவியதும் மாணவர்களும் தாய்மார்களும் குழந்தைகளும் கைகோத்து இயந்திரங்களை மறித்தார்கள். மண்ணைக் கொத்தி, கள்ளியும் பூச்செடியும் நட்டார்கள். பன்னிரண்டு நாள் இடத்தைவிட்டு நகரவில்லை. அப்படிப் பிறந்ததுதான் சிகானோ பூங்கா. மெக்சிக வம்சாவளி அமெரிக்கர்கள் அறுபதுகளில் தலைநிமிர்ந்து சூடிக்கொண்ட பெயர் சிகானோ. இந்த ஊரில் வளர்ந்த ஓவியர் சல்வடோர் டோரஸ் அந்தத் தூண்களில் ஓவியங்களைக் கனவு கண்டார். 1973இல் தூரிகைகள் இறங்கின. அஸ்டெக் தெய்வங்களும், மெக்சிகப் புரட்சித் தலைவர் சபாட்டாவும், பண்ணைத் தொழிலாளர் போராட்டமும் இன்று அங்கே வண்ணமாக நிற்கின்றன. 2016இல் பூங்கா தேசிய வரலாற்றுச் சின்னமானது.

பூங்காவின் பிறந்தநாளை ஏப்ரல்தோறும் கொண்டாடும்போது லோரைடர் கார்களும் வந்து சேர்கின்றன. பழைய செவர்லே இம்பாலாக்கள்தான் பெரும்பாலும். அடுக்கடுக்காகப் பூசிய மினுங்கும் வண்ணம், குரோமியப் பளபளப்பு, கம்பிச் சக்கரங்கள், தரையை உரசும் உடல். சக்கர வளையத்தின் அடிவிளிம்பைவிடக் காரின் உடல் தாழக்கூடாது என்று 1958இல் கலிபோர்னியா சட்டம் போட்டது. மறு ஆண்டே ரான் அகிரே என்ற இளைஞர், விமானத்துக்கான ஹைட்ராலிக் பாகங்களைத் தன் கார்வெட் காரில் பொருத்தினார். விசையைத் தட்டினால் கார் எழும்பும், மறுபடி தட்டினால் படுக்கும். போலீஸ் வந்தால் சட்டத்துக்கு உட்பட்ட உயரம். போனபின் பழையபடி தரையோடு தரை. பின்னாளில் டிக்கி நிறைய பேட்டரிகளும் பம்புகளும் ஏறின. கார்கள் துள்ளிக் குதித்தன.

வேகத்துக்காகவே இந்த ஊரை அறுத்தார்கள். அதே ஊர் மக்கள் மெதுவாகப் போவதற்கென்றே கார்களை இழைத்தார்கள். அப்பன் தொடங்கிய வேலையை மகன் முடிக்கிறான், மகளும் முடிக்கிறாள். இதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பறிபோன தெருவில், எல்லோரும் பார்க்க, நிதானமாக உலா வரும் உரிமை இது.

அந்த நிதானத்தைக்கூடக் குற்றமாக்கினார்கள். தெற்கே ஒட்டியிருக்கும் நேஷனல் சிட்டி, 1992இல் இந்த உலாவைத் தடைசெய்தது. கார் சங்கங்கள் விடாமல் வாதாடி, 2023இல் அதை நீக்கவைத்தன. அதே ஆண்டு மாநிலமும் சட்டம் இயற்றியது. 2024 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவின் எந்த ஊரும் இந்த உலாவைத் தடைசெய்ய முடியாது; 1958இன் உயரக் கட்டுப்பாடும் அன்றோடு போயிற்று.