சுவருக்குப் பூசும் முன் இறவாரத்தைப் பாருங்கள்

சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: 'ஓட்டு வீட்டின் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறுகிறது. சுவரோரம் அடுக்கிய நெல் மூட்டையில் பூசணம் பிடிக்கிறது. சுவரில் என்ன பூசலாம்?' கடைக்குப் போனால் பத்து விதமான டப்பாவை எடுத்து வைப்பார்கள். அதற்கு முன்னால் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த முறை மழை வலுக்கும்போது குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சுவரைப் பார்த்து நில்லுங்கள். கூரை ஓரத்திலிருந்து தண்ணீர் எங்கே விழுகிறது, விழுந்த பிறகு எங்கே போகிறது என்று கால் மணி நேரம் பாருங்கள்.

நான் இருப்பது வடசென்னையில், திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை. விவசாயம் என்று சொன்னால் மொட்டை மாடியில் இருபது பைகளில் கத்தரியும் கீரையும்தான். ஆனால் தண்ணீர் ஒரு வீட்டை என்னவெல்லாம் செய்யும் என்று படிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கிழக்கே சற்று நடந்தால் கடல். மற்ற பக்கமெல்லாம் தொழிற்சாலை. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் இங்கே நெசவாளர்களைக் குடியேற்றினார். காலெட் பேட்டைதான் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. இன்றும் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டி நீளவாக்கில் போகும் வீடுகளைப் பார்க்கலாம். எங்கள் வீடும் அப்படித்தான். முன்பக்கம் சீமை ஓடு, பின்பக்கம் கான்கிரீட் தளம். இரண்டு விதமான தொல்லையும் ஒரே கூரைக்குக் கீழே.

ஓட்டுப் பகுதிக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 600 சதுர அடி கூரை என்பது ஏறக்குறைய 55 சதுர மீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்வது இங்கே அதிசயம் இல்லை. அப்படிப் பெய்தால் 5,500 லிட்டர், அதாவது ஒரு டேங்கர் லாரியின் தண்ணீர், ஓட்டின் ஓரமாக இரண்டு கோடுகளில் கொட்டுகிறது. பீலி இல்லாத வீட்டில் அது சுவரடி மண்ணைக் குழி பறிக்கிறது. குழியில் தேங்கியது அஸ்திவாரத்தில் இறங்கும். தெறிப்பது சுவரில் ஒன்றரை அடி உயரத்துக்கு நனைக்கும். மண் சாந்தும் செங்கல்லுமாகக் கட்டிய பழைய சுவர் அதைத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மேலே இழுக்கும். நாம் உள்ளே நின்றுகொண்டு 'தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது' என்கிறோம். பல வீடுகளில் அந்த ஓதத்தின் ஊற்று தலைக்கு மேலே, இறவாரத்தில்தான் இருக்கிறது.

பீலி கட்டுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் அவசரத்தில் கட்டினால் கட்டாமல் இருப்பதைவிட மோசம். எங்கள் பக்கத்தில் தகரப் பீலி தாங்காது. உப்புக்காற்று துத்தநாகப் பூச்சைத் தின்ற பிறகு இரும்பை விடவே விடாது. முதலில் அரிப்பது மடித்த இடமும் ஆணி அடித்த இடமும்தான். அதனால் இப்போது பலரும் ஆறு அங்குல பிவிசி குழாயை நெடுக்காக இரண்டாக அறுத்துக் கட்டுகிறார்கள். வெயிலில் சில வருடங்களில் நொறுங்கும்தான், ஆனாலும் ஒரு துண்டை மாற்றுவது சுலபம். இரண்டு அடிக்கு ஒரு கிளாம்பு வேண்டும். இல்லையென்றால் நடுவில் தொய்ந்து அங்கேயே தண்ணீர் நிற்கும். பத்து அடி நீளத்துக்கு அரை அங்குலம் வாட்டம் போதும். கடைசி வரிசை ஓடு பீலிக்குள் இரண்டு அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஓடு குட்டையாக இருந்தால் தண்ணீர் பீலிக்குப் போகாமல் ஓட்டின் அடிப்பக்கமாகத் திரும்பி ஓடி, கைமரத்தின் நுனியை நனைக்கும்.

கைமர நுனி. வீட்டில் யாரும் அண்ணாந்து பார்க்காத இடம். கூரை முதலில் சாவது அங்கேதான். நடு வீட்டில் மரம் இரும்பு மாதிரி இருக்கும், சுவரைத் தாண்டி வெளியே நீட்டிய ஓரடி மட்டும் பஞ்சாகிவிட்டிருக்கும். எங்கள் பகுதியின் பழைய தச்சர் ஒருவர் வீடு பார்க்க வந்தால் வாசலில் நின்றே ஏணியைக் கேட்பார். ஏறி, ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு நுனியையும் குத்திப் பார்ப்பார். கால் அங்குலம் உள்ளே இறங்கினால், "சார், இத விட்டா அடுத்த மழைக்கு ஓடு இறங்கிடும்" என்பார். பனங்கை போட்ட கிராமத்து வீடுகளுக்கும் இதே சோதனைதான். காய்ந்த காலத்தில் நுனிகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவது நம் கடற்கரை மாவட்டங்களில் பழைய பழக்கம். கரையானும் பூசணமும் அண்டாது. கையில் பட்டால் தோல் வெந்துவிடும், கையுறை கட்டாயம். அழகுக்காக இறவாரத்தின் அடியில் பலகை அடித்து முழுதாக மூடியிருந்தால், காற்றுப் போக நாலு இடத்தில் துளை விட்டுச் சிறுகண் வலை அடியுங்கள். மூடிய பலகைக்குள் ஈரம் காயாது, எலி மட்டும் குடும்பம் நடத்தும்.

சுத்தம் செய்வது புரட்டாசிக்குள் ஒரு முறை, முதல் பெருமழை விட்டதும் இன்னொரு முறை. எங்கள் பீலியில் சேர்வது வேப்பிலையும் புறா எச்சமும் மட்டுமல்ல, கறுப்பான நைஸ் தூசியும் சேரும். மூன்றும் நனைந்து இறுகினால் வண்டல் போல் ஆகிவிடும், அதில் அரசங்கன்று முளைக்கும். கையால் அள்ளி எடுங்கள், குழாய்க்குள் தள்ளிவிடாதீர்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஒரு முனையில் ஊற்றி மறு முனையில் வருகிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. அள்ளிய வண்டலை நான் காய்கறிப் பைகளுக்குப் போடுவதில்லை. கிராமத்தில் அது நல்ல எருதான், தொழிற்சாலைப் புகை விழும் இடத்தில் அந்த ஆசை வேண்டாம். இன்னொன்று, எங்கள் தெருக்களில் கம்பத்திலிருந்து வரும் மின்கம்பி இறவாரத்தை ஒட்டித்தான் வீட்டுக்குள் நுழைகிறது. ஈரத்தோடு ஏணி போடாதீர்கள். ஏணியைப் பீலியின் மேல் சாய்க்கவும் கூடாது.

இரண்டு வீட்டுக் கூரைகள் சந்திக்கும் கூடுவாய் தனிக்கதை. எங்கள் கூரையின் ஒரு சரிவும் பக்கத்து வீட்டு ஆயாவின் கூரையும் ஒரே கூடுவாயில் இறங்குகின்றன. அந்தத் தகடு ஓட்டையானபோது தண்ணீர் எங்கள் பக்கம் வரவில்லை, அவர்கள் சுவருக்குள் இறங்கியது. "உங்க தண்ணிய எங்க செவுரு குடிக்குதுப்பா" என்று ஆயா சொன்னது சண்டைக்காக இல்லை. அந்தச் சுவரை ஒட்டித்தான் அவரும் பள்ளிக்கூடம் போகும் பேரனும் படுக்கிறார்கள். கட்டிலுக்கு மேலே காரை உப்பிக்கொண்டு நின்றது. தகடு யார் செலவு என்று பேசினால் பேச்சு முடியாது, மழை வந்துவிடும். பாதிப் பாதி என்று முடிவு செய்து, பழைய தகட்டை எடுத்துவிட்டு அகலமான அலுமினியத் தகடு போட்டோம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது தெருத் தண்ணீர் இரண்டு வீட்டு வாசலுக்குள்ளும் வந்தது. அதற்குப் பீலி என்ன செய்யும்? ஆனால் கூரைத் தண்ணீர் சுவருக்குள் வரவில்லை. உப்பிய காரை அதற்கு மேல் பெருக்கவில்லை.

பின்பக்கக் கான்கிரீட்டில் நோய் வேறு. அங்கே மரத்துக்குப் பதில் கம்பி. உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு, அது தின்ற இரும்பைப் போல் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் கான்கிரீட் உள்ளிருந்து பிளக்கும். சன்ஷேடின் அடிப்பக்கத்தில் பழுப்பு நிறக் கோடு தெரிந்தால் அது வெறும் கறை இல்லை. சன்ஷேடின் விளிம்புக்குச் சற்று உள்ளே, அடியில் ஒரு விரல் அகலக் காடி இருக்க வேண்டும். தண்ணீர் அங்கேயே சொட்டி விழுந்துவிடும், சுவரை நோக்கி ஓடாது. மறுபூச்சு செய்யும் கொத்தனார்கள் பலர் அந்தக் காடியை நிரவி மழமழவென்று ஆக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: தண்ணீர் வெளியேறும் வாயிலிருந்து இரண்டு அடிக்குள் பை வைக்காதீர்கள். தென்னை நார்க்கழிவு கரைந்து போய் அடைப்பதைப்போல் வேறு எதுவும் அடைக்காது. வாயில் ஒரு வலைக் கூடையைக் கவிழ்த்து வையுங்கள்.

இதையெல்லாம் நான் இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. 2021 டிசம்பர் 27 அன்று இதே திருவொற்றியூரில், அரிவாக்குளம் அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 1993-இல் கட்டியது, வயது முப்பதுகூட ஆகவில்லை. ஒரு கட்டடம் விழப் பல காரணங்கள் இருக்கும், அதைப் பீலியின் தலையில் கட்ட நான் வரவில்லை. ஒருவர்கூடச் சாகாமல் தப்பியது எப்படி என்பதுதான் எனக்கு முக்கியம். விரிசல் பெரிதாவதைப் பார்த்து, வீட்டில் இருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறிவிட்டார்கள். யாரோ பார்த்தார்கள். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள், அதில் நான்கு பேர் குழந்தைகள்.

பீலித் தண்ணீரை எங்கே விடுவது என்றும் கேட்பீர்கள். தெருவில் விடாதீர்கள். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பலர் பேருக்குக் குழி தோண்டி மூடிவிட்டார்கள். வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்து, நிலத்தடியில் கடல்நீர் நுழைந்த கதை விவசாயிகளுக்குத் தெரியும். கடலோரத்தில் கிணற்றைக் காப்பாற்ற நம் கையில் இருப்பது கூரையில் விழும் நல்ல தண்ணீர்தான். முதல் மழையைக் கழுவி வெளியே விட்டு, அடுத்ததை மணலும் ஜல்லியும் போட்ட குழி வழியாகக் கிணற்றில் இறக்குங்கள். குழி சுவரிலிருந்து ஆறு அடியாவது தள்ளி இருக்கட்டும். சுவரடியில் தோண்டினால் இத்தனை பாடும் வீண்.

இனி அந்த வாசகருக்கு. இப்போதைக்கு எதையும் பூச வேண்டாம். மூட்டைகளைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். பீலி இருந்தால் அள்ளுங்கள், இல்லையென்றால் இந்த மழைக்கு முன் அந்த ஒரு பக்கமாவது கட்டுங்கள். காசு இல்லையென்றால் ஓட்டுத் தண்ணீர் விழும் கோட்டில் உடைகல்லைப் பரப்பி, வெளிப்பக்கம் வாட்டமாக மண் அணைத்துவிடுங்கள், தெறிப்பு பாதி குறையும். மழை முடிந்து தை, மாசி வெயிலில் சுவர் காயட்டும். காய்ந்த பிறகு உதிர்ந்த பூச்சைச் சுரண்டிவிட்டு, பழைய சுவர் சுண்ணாம்புச் சுவரானால் சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். கோடையில் ஒரு முறை கைமர நுனிகளையும் குத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.