செவலைக்குச் சேணம்

கினிகத்தேனைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் நண்பர், பந்தயத்தை விட்டு ஓய்ந்த ஒரு தாய்க்கு நுவரெலியாவில் பிறந்த செவலை என்னும் மூன்று வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றைத் தரகர் மூலமாக வாங்கியிருப்பதாகவும், மனிதபாரம் அறியாத அதன் முதுகிற்குச் சேணம் பழக்க ஒரு பெரியவரை வரவழைத்திருப்பதாகவும், அவரைப் போன்றவர்களை இன்னும் சில வருஷங்களுக்குப் பின் தேடினாலும் காணமுடியாதாகையால் நான் தாமதமின்றிப் புறப்பட்டு வரவேண்டும் என்றும் கடிதம் எழுதியிருந்தார். நண்பருடைய பாட்டனார், தோட்டத்து வெள்ளைத் துரை குதிரைமீது வருவது கண்டால் பாதையை விட்டுக் கானுக்குள் இறங்கி நின்ற தலைமுறையைச் சேர்ந்தவர். அந்த வமிசத்தில் பிறந்த ஒருவர் தமக்கென்று ஒரு குதிரை வேண்டுமென்று ஆசைப்பட்டது எனக்கு வியப்பாகவும், அதைவிட அதிகமாகச் சந்தோஷமாகவும் இருந்தது.

அவிசாவளையிலிருந்து கித்துல்கலை வழியாக ஏறிவரும் பாதை மலைநாட்டினுள் பிரவேசிக்கும் வாசலில் இருப்பது கினிகத்தேனை. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் நீரை இந்தச் சரிவுகளில் பெருமளவில் இறக்குகிறது. அடுத்துள்ள வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. புகையிரதம் 1884-இல் ஹட்டனை எட்டுவதற்கு முன்பு கோப்பித் தோட்டத்துத் துரைமார் இத்தகைய பாதைகளில் குதிரையேறியே சஞ்சரித்தார்கள். அவர்களுடைய நாட்குறிப்புகளும் நினைவுக் குறிப்புகளும் அச்சேறி இருக்கின்றன. ஆனால் அந்தக் குதிரைகளுக்குப் புல் அறுத்து, கொள்ளு அவித்து, உடம்பு தேய்த்து, துரை ஏறிய பின் கூடவே கால்நடையாக ஓடிய தமிழ்க் குதிரைக்காரர்களின் பெயரை அவற்றில் காண்பது அபூர்வம்.

பெரியவர் அப்படிப்பட்ட ஒரு குதிரைக்காரரின் மகன். எழுபதை நெருங்கும் வயது, மெலிந்த தேகம், குதிரையோடு பேசும் தணிந்த குரலிலேயே மனிதரோடும் பேசுகிற சுபாவம். அவருடைய தகப்பனார், பந்தயக் குதிரைகள் வளர்த்த ஒரு துரையின் லாயத்தில் வேலை செய்தவர். “செக்ரோல்ல அப்பாவுக்கு ஒரு பேர்தாங்க ஐயா விழும். புல்லு வெட்டுற ஆளுக்கும் அதே பேருதான், முரட்டுக் குட்டியை மடக்குன எங்கப்பாவுக்கும் அதே பேருதான்” என்று, செக்ரோல் எனும் தோட்டக் கூலிப் பதிவேட்டில் ‘பேர்’ என விழும் ஒரு நாள் கூலியைப் பற்றி அவர் சொன்னபோது குரலில் கசப்பு இருக்கவில்லை, எனக்குத்தான் மனம் கொதித்தது. 1964-ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி சிற்றப்பன்மார் இருவரும் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா போய்ச் சேர, இவர் தகப்பனார் மட்டும் குதிரைகளை விட்டுப் போக மனமின்றித் தங்கிவிட்டார். 1975-இல் தோட்டங்கள் அரசுடைமையாகித் துரை ஊர் திரும்பியபோது லாயமும் கலைந்தது. கூலிக்கு மேல் அந்தக் குடும்பத்திற்கு மிஞ்சியது ஒரு பழைய சேணம். மகன் அந்தச் சேணத்தோடு நுவரெலியாவுக்குப் போய், பந்தய மைதானத்து லாயங்களிலும், பிற்பாடு கிரகரி வாவிக் கரையில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றும் மட்டக் குதிரைகளோடும் ஆயுளைக் கழித்திருக்கிறார்.

அந்தச் சேணத்தை அவர் எனக்குக் காட்டிய விதத்தைச் சொல்லவேண்டும். மேல் தோல் பலமுறை தைக்கப்பட்டது. ஆனால் அதைக் கவிழ்த்து, உள்ளே மரத்தாலான சட்டம் இருக்கும் இடத்தை விரல்களால் அழுத்தி, இரு கைகளாலும் வளைத்துப் பார்த்து, எங்கும் நெகிழவில்லை என்பதை என்னையும் தொட்டறியச் செய்தார். சட்டம் முறிந்த சேணம் வெளிப்பார்வைக்கு ஒரு குறையுமின்றி இருக்கும். குதிரை மட்டுமே அதை அறியும். அடிப்புறத்தில் கம்பளி மயிர் திணித்த இரண்டு மெத்தைகள். அவற்றிற்கு நடுவே ஒரு வாய்க்கால். பாரமெல்லாம் முதுகெலும்பின் இரு பக்கத்துச் சதைமேல் இறங்கவேண்டுமே தவிர எலும்பின்மேல் ஒரு குன்றிமணி அளவும் படக்கூடாது என்பதற்காகவே அந்த வாய்க்கால். செவலையின் தோள்மேட்டின்மீது அதை வைத்து, முன்வளைவுக்கும் மேட்டிற்கும் இடையே விரல்களை நுழைத்துப் பார்த்தவர், திருப்தியில்லாமல் எடுத்துக்கொண்டுபோய், மெத்தையின் தையலைப் பிரித்து ஒரு பக்கத்து மயிரைக் கோதிக் குறைத்தார். தரகர் புதிதாக விற்க வந்த பளபளப்பான சேணத்தை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கு முன்பே பல வாரங்கள் கழிந்திருந்தன. தலைக்கயிறு பழக்கி, கூட நடக்கவும் நிற்கவும் கற்பித்து, நீளக் கயிற்றில் இருபுறமும் வட்டம் சுற்றவிட்டு, குரலுக்குக் கட்டுப்படச் செய்தாயிற்று. நான் கண்ணால் கண்டது அதன் பின்வந்த கட்டம். கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்கு இடுப்பில் கட்டும் பொலித்தீன் படங்கு ஒன்றை மடித்து அவர் கையில் வைத்திருந்தார். லயத்துப் பாதையில் அப்பெண்கள் வரிசையாக வரும்போது அந்தப் படங்குகள் எழுப்பும் சரசரப்புக்குத்தான் செவலை முதன்முதல் மிரண்டு வேலியில் மோதிக்கொண்டதாம். ஆகவே அந்தச் சத்தத்தையே பாடமாக்கினார். முதலில் தூரத்தில் அசைத்தார். அவள் கழுத்தை உயர்த்தினாள். அசைப்பதை நிறுத்தாமல் காத்திருந்தார். ஒரு காது அவர் பக்கம் திரும்பி, தலை தாழ்ந்து, தாடை மென்ற கணத்தில் கையை இறக்கினார். அந்தக் கணத்திற்குச் சற்று முன்போ பின்போ இறக்கியிருந்தால் அவள் கற்பது வேறாக இருந்திருக்கும். பிறகு தோள், பிறகு முதுகு, பிறகு வயிறு. இடப்புறம் முடிந்ததும் வலப்புறம் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து தொடங்கினார்.

“ஒரு கண்ணு படிச்சதை மத்தக் கண்ணு நம்பாது மொதலாளி. ரெண்டுக்கும் தனித்தனியா சொல்லணும்” என்றார் நண்பரைப் பார்த்து.

சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்குவதில்தான் அனேக குட்டிகள் கெட்டுப்போகின்றனவாம். குதிரை ஓடிப் பிழைக்கும் ஜாதி. தன் முதுகின்மேல் பாய்ந்து பிடிப்பது புலியாகத்தான் இருக்கமுடியும் என்பது அதன் இரத்தத்தில் ஊறிய ஞானம். பெரியவர் ஒரு துளை இறுக்குவார், நாலடி நடத்துவார், நிறுத்தித் தோளைச் சொறிவார், மறுபடி ஒரு துளை. மூச்சை அடக்கி வயிற்றை உப்பவைத்துக்கொண்டிருந்த செவலை நீளமாக ஒரு பெருமூச்சு விட்டபோதுதான் கடைசித் துளைக்குப் போனார். அவளுக்குப் பாரம் பழக்க அவர் அழைத்திருந்தது அயலிலுள்ள மெலிந்த இளைஞன் ஒருவனை. அவன் ஏறவில்லை, சேணத்தின் குறுக்கே வயிறு பதியப் படுத்தான், உடனே இறங்கினான். படுப்பதும் இறங்குவதுமாகவே அன்றைய காலை கழிந்தது. பின்னொரு நாள், அங்கவடியில் கால் வைத்து அவன் நிமிர்ந்து உட்கார்ந்தபோது செவலை முதுகை வளைத்து ஒருமுறை துள்ளினாள். பெரியவர் கயிற்றை இழுக்காமல், அவள் தலையைத் தம் பக்கம் மெல்ல வளைத்து, ஒரு சுற்று நடத்திவிட்டு, “எறங்குடா தம்பி, இன்னிக்குப் போதும்” என்றார். துள்ளியதற்கு அடியும் இல்லை, அதட்டலும் இல்லை. கிரேக்க நாட்டுப் படைத்தலைவன் செனபோன், இற்றைக்கு 2,300-க்கும் அதிகமான ஆண்டுகளுக்கு முன் எழுதிய குதிரைச் சாஸ்திரத்தில், கோபத்தோடு குதிரையை அணுகலாகாது என்று விதித்திருக்கிறான். அந்த நூலின் பெயரையும் கேட்டிராத மனிதர் அதே நெறியைக் கைத்தொழிலாகக் கொண்டிருந்தார்.

நண்பருக்கு அவசரம் இருந்தது. சித்திரை வசந்த காலத்தில் நுவரெலியா நிறைந்திருக்கும்போது, அங்கே செவலைமீது ஒருமுறை போய்வர வேண்டுமென்பது அவர் கனவு. பெரியவர் மறுத்துவிட்டார், மறுப்பதற்கு அவருக்குள்ள காரணமும் திடமானது. குட்டியின் எலும்புகள் தரையிலிருந்து மேல்நோக்கி முற்றுகின்றன. முழங்கால் மூட்டு முற்ற இரண்டு வயது கடக்கவேண்டும். மனிதன் அமரும் முதுகெலும்பு முற்றுவதற்கோ ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆகிறது. கடைவாய்க்கு முன்னுள்ள வெறும் ஈறில் கடிவாளம் அமரும். மூன்றரை வயதில் அவளுடைய முன்பற்களுள் ஒரு ஜோடி விழுந்து முளைக்கும் நாட்களில் வாய் நொந்திருக்கும். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்ற பொதுவிதியும் உண்டு. என் நண்பரோ கடைமேசையில் உட்கார்ந்து உடம்பு கனத்தவர்.

இங்கே நான் மனம் திறந்து சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. பழகாத குட்டியாக வாங்கி, பழகிய குதிரையாக விற்கும்போது விலை பன்மடங்கு உயர்கிறது. அந்த உயர்வு முழுவதும் பெரியவரைப் போன்றவர்களின் கைகளில் பிறந்தது. ஆயினும் அது தரகனின் மடியில் போய் விழுகிறது. வாவிக் கரையிலும் இதே கதைதான்: சவாரிக்குக் கொடுக்கும் பணத்தில் குதிரைக்குச் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு, ஆட்களை வேனில் அழைத்து வந்தவனுக்கு ஒரு பங்கு, கயிற்றைப் பிடித்துச் சேற்றில் கூட ஓடியவனுக்கு எஞ்சிய சில்லறை. பாண்டியர்கள் கடல்வழியே வந்த அரபுக் குதிரைகளைப் பொன் கொடுத்து வாங்கி, பேணத் தெரிந்தவர் இல்லாமையால் அவற்றை வருஷந்தோறும் பறிகொடுத்தார்கள் என்று 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதிவைத்தார். பேணத் தெரிந்தவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நாம் கூலியாட்கள் என்கிறோம். பொருளை உண்டாக்கும் கையைவிடப் பொருளைக் கைமாற்றும் கைக்கு அதிகம் கொடுக்கும் சமூகம் எந்தத் தொழிலைத்தான் காப்பாற்றும்? பெரியவரின் பேரன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறான். தாத்தாவின் வேலைக்கு வருவாயா என்று யாரும் அவனைக் கேட்கும் நிலையில் இல்லை.

இவ்வளவையும் நான் நண்பரிடம் சற்றுக் காரமாகவே சொன்னேன். அவர் நல்ல மனிதர். அன்று மாலையே பெரியவரோடு உட்கார்ந்து பேசினார். நாளொன்றுக்குக் கால்மணிக்கு மேல் சவாரி இல்லை, அதுவும் மெலிந்த இளைஞனுக்கு மட்டும். மழை மாதங்களில் ஏற்றமே இல்லை. அட்டை கடிக்காமலும் குளம்பு அழுகாமலும் லாயத்துத் தரையைக் கல்லிட்டு உயர்த்தவேண்டும். ஐந்து வயது நிறையும் வரை முதலாளி கழுத்தைத் தட்டிக்கொடுப்பதோடு நிற்கவேண்டும். பெரியவரின் நிபந்தனைகள் இவை. கூலியை நாட்கணக்கில் அல்லாமல் மாதச் சம்பளமாகக் கொடுப்பதென்றும், செவலையை எப்போதேனும் விற்க நேர்ந்தால் விலையில் பத்தில் ஒரு பங்கு அவருக்கென்றும் முடிவாயிற்று. நண்பர் கடைக் கணக்குப் புத்தகத்தில் ஒரு புதுப் பக்கம் புரட்டி, வேலை என்ற இடத்தில் ‘ஆள்’ என்று எழுதத் தொடங்கி, அதை அடித்துவிட்டு, ‘குதிரை பழக்குநர்’ என்று எழுதினார். பெரியவர் அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்; பிறகு, ஹோட்டல் லீவில் பேரன் வந்தால் அவனுக்குச் சோறும் பஸ் காசும் கொடுக்கமுடியுமா என்று விசாரித்தார்.